கரண்ட் இருக்கும்போதே அப்டேட்!

எண்ணூர் பக்கம் மொட்டை மாடியில் நின்றால் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 1994-லிருந்து அங்கே கரண்ட் தயாராகிறது. அதனாலேயே திருவொற்றியூர்க்காரர்களுக்குக் கரண்ட் கட்டே கிடையாது என்று அம்பத்தூர்ச் சொந்தங்கள் நினைக்கிறார்கள். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் வருஷத்துக்கு ஒரு குழந்தை பிறந்துவிடுமா என்ன?

கடல் காற்றில் வரும் உப்பு மின்கம்பத்துப் பீங்கானில் படிந்திருக்கும். லேசாகத் தூறினால் போதும், எங்கோ ‘டப்’ என்று ஒரு சத்தம், தெரு இருட்டு. இந்த லட்சணத்தில் வைஃபை ரூட்டருக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போட வேண்டும். ‘முடியும்வரை மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்’ என்று திரையில் எச்சரிக்கை வேறு. நாங்களா துண்டிக்கிறோம்?

அப்டேட் ஓடும் அந்தச் சில நிமிடங்களில் பல ரூட்டர்கள் ஃபர்ம்வேர் என்னும் பழைய உள் மென்பொருளை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதுகின்றன. நடுவில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணை மின் நிலையத்தில் தீப்பிடித்து, சென்னையில் பல பகுதிகள் இருண்டன. அந்த நேரம் பார்த்து அப்டேட் பட்டனை அமுக்கிய புண்ணியவான் யாராவது இருந்திருப்பார். சில ரூட்டர்களை ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டு, கம்ப்யூட்டரோடு வயர் போட்டு உயிர்ப்பிக்கலாம். மற்றவை காயலான் கடைக்குத்தான்.

இவ்வளவு ஆபத்து எதற்கு என்று எங்கள் தெருக் கேபிள்காரர் கேட்கிறார். “ஓடுதுல்ல சார்? அத்த இன்னாத்துக்கு நோண்டுறீங்க? ராயபுரம் ஸ்டேஷன் 1856-லேர்ந்து நிக்குது. அதுக்கு யாரு அப்டேட் போட்டா?”

போட்டார்கள். 2005-ல் அதைப் பழுதுபார்த்து, வர்ணம் அடித்து, புதுசாக்கித் திறந்தார்கள். கேபிள்காரர் கொடுத்த ரூட்டருக்கு வேண்டுமானால் கம்பெனியே தூரத்திலிருந்து அப்டேட் அனுப்பிவிடும், அந்த அளவில் அவர் சொல்வது சரி. நம் காசில் வாங்கிய ரூட்டருக்கு நாம்தான் நாதி, கவனிக்காமல் விட்டால் வைரஸ் புகுந்துவிடும். 2017 ஜூலையில் கர்நாடகப் பக்கம் பிஎஸ்என்எல் மோடம்கள் சுமார் 60,000 வைரஸால் படுத்துவிட்டன. காரணம், பயனர் பெயரும் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’. அடுத்த ஆண்டே ‘விபிஎன்ஃபில்டர்’ என்று இன்னொன்று கிளம்பி, 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரூட்டர்களுக்குள் புகுந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ ஊரைக் கூட்டிச் சொன்ன அறிவுரை: ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள். நம் கேபிள்காரர் எப்போது போன் போட்டாலும் சொல்வது இதைத்தான்.

அப்டேட்டுக்கு முன் எடுக்க வேண்டிய பேக்கப் விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை. மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம் எல்லாம் பாலிதீன் கவரில் பரண் ஏறிவிட்டன. ஜெராக்ஸுக்கே ஜெராக்ஸ் உண்டு. ரூட்டர் செட்டிங்கை மட்டும் யாரும் எடுத்துவைப்பதில்லை. ‘பேக்கப்’ என்றே ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் சின்னதாக ஒரு ஃபைல் வரும், வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளலாம். ஆனால் அதில் இருப்பது செட்டிங் மட்டும், ஃபர்ம்வேர் இல்லை. சில ரூட்டர்களில் புது ஃபர்ம்வேர் பழைய ஃபைலைச் சீந்தவும் சீந்தாது. அதனால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, நெட் கனெக்‌ஷனின் யூசர் ஐடி மூன்றையும் காகிதத்திலும் எழுதிவையுங்கள். யூசர் ஐடி கேபிள்காரருக்குத்தான் தெரியும். அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, அதாவது மாதப் பணம் வாங்க வரும்போது, கேட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று. ரூட்டரைத் திருப்பி, அடியில் ‘வெர்ஷன்’ எத்தனை என்று பாருங்கள். மாடல் ஒன்றே ஆனாலும் இரண்டாம் வெர்ஷன் ஃபர்ம்வேரை மூன்றாவதில் ஏற்றக் கூடாது. லேன் வயர் முனை உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வைஃபையில் அப்டேட் போடாதீர்கள், வயரிலேயே போடுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடியிலேயே சில ரூட்டர்கள் அணைந்துவிடும், ஆகவே ரூட்டருக்கென்று விற்கும் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். அதுவரை, வானம் கறுத்திருக்கும் நாளில் அந்தப் பட்டன் பக்கமே போகாதீர்கள்.