சொந்தக் கல்யாணத்தில் சொந்த மொய்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் எது ஓடுகிறதோ இல்லையோ, இலக்கு ஓடும். இருங்காட்டுக்கோட்டையில் கார். பக்கத்து ஒரகடத்தில் மோட்டார் சைக்கிள். சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசி, வாஷிங் மெஷின். ஒரு ஷிப்டுக்கு இத்தனை என்று போர்டில் எழுதியிருக்கும். பத்து குறைந்தால் சூப்பர்வைசர் முகம் கறுக்கும். இதே சாலையில், இதே வேகத்தில், இன்னொரு சரக்கும் தயாராகிறது. அதை ஏற்ற கன்டெய்னர் லாரி வேண்டாம். கெட்டுப்போனாலும் நாற்றம் வராது. அதன் பெயர் ஆய்வுக் கட்டுரை.

தண்டலத்தில் இருக்கிறது சவீதா நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இங்கே. பல் மருத்துவக் கல்லூரி இருப்பது பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடியில். நம் கதாநாயகன் அந்தப் பல் மருத்துவக் கல்லூரிதான். 2022இல் மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் பல் மருத்துவப் பிரிவில் முதலிடம். 2023இலும் முதலிடம். பட்டியல் வந்த அதே ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழ் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ அமைப்புடன் சேர்ந்து ஒரு செய்தி வெளியிட்டது. பல் கூசும் செய்தி.

அந்தச் செய்தி சொன்னது இதுதான். இளநிலை மாணவர்கள் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்து நான்கு மணி நேரத்தில் 1,500 சொற்களில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். ஒருவர் இருவர் அல்ல, நூற்றுக்கணக்கானோர். அந்தத் தாள்களை மெருகேற்றி இதழ்களுக்கு அனுப்புகிறார்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் 1,400 வெளியீடுகள். உலகில் வேறெந்தப் பல் மருத்துவக் கல்லூரியும் இவ்வளவு வெளியிட்டதில்லை. பல் முளைக்கவே குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிறது. இங்கே ஆராய்ச்சி நான்கு மணி நேரத்தில் முளைக்கிறது.

எண்ணிக்கையோடு நின்றிருந்தால், பையன்கள் சுறுசுறுப்பு என்று விட்டிருக்கலாம். கட்டுரையின் அடியில் மேற்கோள் பட்டியல் ஒன்று இருக்கிறதே, விஷயம் அங்கேதான். மாணவர்கள் பழம் சாப்பிடும் பழக்கம் பற்றி ஒரு கட்டுரை. அதில் சம்பந்தமே இல்லாத விஷயங்களைப் பற்றிய கட்டுரைகள் டஜன் கணக்கில் மேற்கோளாக நிற்கின்றன. அத்தனையும் அதே கல்லூரியில் விளைந்தவை. ஆப்பிளை எந்தப் பல் கடிக்கிறதோ தெரியாது, மேற்கோள் சொந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயம் கடிக்கும்.

நம் ஊருக்கு இது புதிய தொழில்நுட்பம் அல்ல. மொய் என்று பெயர். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் போய்ப் பாருங்கள். கிடா வெட்டுவார்கள், இலை போடுவார்கள், நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் உட்காருவார். யார் எவ்வளவு என்று பைசா சுத்தமாக எழுதுவார்கள். வாங்கியதைத் திருப்பிச் செய்யாதவன் அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்தத் தொழிலுக்கு ஒரு நாணயம் இருக்கிறது. அங்கே பந்தலில் உட்கார்ந்திருப்பவனும் மொய் எழுதுபவனும் வேறு வேறு ஆள். நம் ஆய்வு உலகம் அதையும் முன்னேற்றிவிட்டது. பந்தல் நமது. மாப்பிள்ளை நாம். நோட்டும் நம் கையில். இடது பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து வலது பையில் போட்டுவிட்டு, “ஊரே திரண்டு வந்து மொய் வைத்தது” என்று மைக்கில் அறிவிக்கிறோம். டெல்லியில் தரவரிசைக் கமிட்டி ஒன்று கைதட்டுகிறது.

பல் கல்லூரியை மட்டும் குறை சொன்னால் பாவம் வரும். ஆவடிப் பக்கத்துத் தனியார் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைப் பற்றி 2019இல் ‘நேச்சர்’ இதழ் எழுதியது. அவர் பெற்ற மேற்கோள்களில் 94 விழுக்காடு அவரிடமிருந்தும் அவருடைய கூட்டாளிகளிடமிருந்தும் வந்தவை. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு! தேர்தலில் ஒருவர் இப்படி ஜெயித்தால் மறுவாக்குப்பதிவு கேட்போம். இவருக்கு அதற்கு முன்பே மத்திய அமைச்சர் கையால் 20,000 ரூபாய் விருது கொடுத்திருந்தோம். நாட்டின் சிறந்த ஆய்வாளர்களில் ஒருவராம். எதை வைத்து? கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் வைத்து.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது எந்தச் சட்டப் பிரிவிலும் குற்றம் இல்லை. உண்மையான ஆய்வாளரும் முந்தைய வேலையைச் சுட்டத்தான் செய்வார். போலீஸ் வராது. ஆகவே வெட்கமும் வருவதில்லை.

அறிவியல் கட்டுரைகளின் மேற்கோளைப் பெரிய அளவில் தொகுத்தவர் யூஜின் கார்ஃபீல்டு. 1964இல் அவர் வெளியிட்ட அட்டவணை, யாருடைய வேலை யாருக்கு உதவியது என்று தேடிப் பிடிக்கும் வழிகாட்டி. 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸ் என்ற ஒற்றை எண்ணைக் கொடுத்தார். பத்துக் கட்டுரைகளுக்குத் தலா பத்து மேற்கோளாவது இருந்தால் எச்-இண்டெக்ஸ் பத்து. அவ்வளவுதான். மனிதனின் வாழ்நாள் உழைப்பை ஒரு எண்ணில் அடக்கியதும் நம் நிர்வாகிகள் கண்ணில் நீர் மல்கிவிட்டது. இனிமேல் கட்டுரையைப் படிக்க வேண்டாமே!

படிக்காமலே மதிப்பிட முடிந்தால், படிக்காமலே எழுதவும் முடியும்தானே. மருத்துவக் கல்லூரியில் பதவி உயர்வு வேண்டுமா? கட்டுரை காட்டு. காலையில் வெளிநோயாளிகள், மதியம் வகுப்பு, இரவு டூட்டி. இடையில் ஆராய்ச்சி எங்கே செய்வது? கவலை வேண்டாம். டெலிகிராமில் கடை திறந்திருக்கிறது. முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, நான்காம் இடத்துக்கு ஒரு விலை. கோயம்பேட்டில் தக்காளிக்குக்கூட விலை தினம் மாறும். இங்கே நிலையான விலை, நிறைவான சேவை.

அந்தக் கடைச் சரக்கின் மணம் எப்படி? பிரான்சில் கிய்யோம் கபனாக் என்பவரும் கூட்டாளிகளும் 2021இல் அதை முகர்ந்து காட்டினார்கள். திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஏமாற்ற, ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக அகராதியிலிருந்து வேறு சொல்லைப் பொருத்திவிடுகிறார்களாம். அப்படி ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்ன ஆனது தெரியுமா? ‘சிறுநீரக ஏமாற்றம்’. ‘மார்பகப் புற்றுநோய்’ ‘நெஞ்சக ஆபத்து’ ஆனது. செயற்கை நுண்ணறிவு ‘போலிப் பிரக்ஞை’. இவை அச்சில் வந்தன. நிபுணர்கள் சரிபார்த்ததாகச் சான்றோடு வந்தன. ஒரு நோயாளியின் சிறுநீரகம் ஏமாற்றம் அடைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் ஒருவரும் படிக்கவில்லை. மேற்கோள் மட்டும் காட்டினார்கள்.

2023இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் பத்தாயிரத்தைத் தாண்டின. அதில் எட்டாயிரத்துக்கும் மேல் ஹிண்டாவி என்ற ஒரே பதிப்பகத்துடையவை. கார் கம்பெனி இப்படித் திரும்பப் பெற்றால் பங்குச் சந்தை கவிழும். சர்வீஸ் சென்டரில் சண்டை நடக்கும். கட்டுரை திரும்பிப் போனால் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ்கூட இறங்குவதில்லை.

ஃப்ளெக்ஸ் என்றதும் நினைவு வருகிறது. வருடாவருடம் ‘உலகின் சிறந்த 2 விழுக்காடு விஞ்ஞானிகள்’ பட்டியல் வருகிறதே, ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு தயாரிப்பது. அது வந்த மறுநாள் தமிழ்நாட்டில் கல்லூரி வாசல்கள் தேர்தல் காலம்போல் ஆகிவிடும். கோட்டு போட்ட பேராசிரியர்கள் கைகட்டி நிற்பார்கள். அதே அட்டவணையில் இன்னொரு பத்தியும் இருக்கிறது. அவரவர் மேற்கோளில் சொந்த மொய் எத்தனை விழுக்காடு என்று அது சொல்லும். ஃப்ளெக்ஸில் அதற்கு மட்டும் இடம் போதவில்லை போலும்.

தேசியத் தரவரிசையின் முதல் பட்டியல் வந்தது 2016இல். திரும்பப் பெற்ற கட்டுரைக்கு மதிப்பெண் குறைப்போம் என்று அதை நடத்துபவர்கள் அறிவிக்க 2025 ஆகிவிட்டது. ஒன்பது வருடம். அந்தக் காலத்தில் எத்தனை அப்பாக்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டினார்களோ! தரவரிசையில் மேலே ஏறுவது கல்லூரி. ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நாம்.

கோபம் வருவது இந்த ஊரில் ஆராய்ச்சி வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது என்பதால்தான். 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு என்று ஒரு பிரிவு. நெரிசலான வீட்டில், அரை வயிற்றோடு, மாத்திரை மட்டும் விழுங்கிய ஏழைகள் இன்னொரு பிரிவு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாயின. 1959இல் அந்த முடிவு கட்டுரையாக வந்தது. படுக்கை கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம் என்று உலகம் முடிவெடுக்க அது வழி திறந்தது.

1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்ற நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி. வழிகாட்டி டாக்டர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் இங்கே வராது, நாம் ஒழுக்கமானவர்கள் என்று நாடே நம்பிய காலம். அந்த மாணவி பாலியல் தொழிலாளிப் பெண்களைத் தேடிப் போய் ரத்தம் எடுத்தார். கையுறைகூடச் சரியாக இல்லை. மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். சோதிக்க இங்கே வசதி இல்லாததால் ரயிலேறிக் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவின் விழிப்பு அங்கே தொடங்கியது. பட்டத்துக்கான ஆய்வேடு, அவ்வளவுதான்.

அப்படி ஒரு பெண் இன்று பதவி உயர்வுக்கு வந்து நிற்கட்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் கமிட்டி. முன்னால் முந்திரி பக்கோடா.

“ஸ்கோபஸ் கட்டுரை எத்தனைம்மா?”

“ஒரு ஆய்வேடு சார்.”

“எச்-இண்டெக்ஸ்?”

“தெரியாது சார். நாட்டுக்குள் ஒரு நோய் வந்திருக்கிறதைக் கண்டுபிடிச்சோம்.”

“அது சரிம்மா. அதுல நம்ம காலேஜ் பேப்பரை எத்தனை இடத்துல சைட் பண்ணியிருக்கீங்க?”

அந்தப் பெண் பேசாமல் நிற்கிறாள். கமிட்டித் தலைவர் பக்கோடாவைக் கடித்துக்கொண்டே மணியை அடிக்கிறார். அடுத்த ஆள் உள்ளே வருகிறார். அவருடைய இந்த வருடக் கட்டுரைக் கணக்கு நூற்றுப் பன்னிரண்டு. கமிட்டி எழுந்து நிற்கிறது.