மேடை இங்கே, நாற்காலி வாஞ்சூரில்

"இதை விட்டா இனிமே கிடையாது அத்தான்" என்று என் மச்சினன் நேற்று போனில் சொன்ன தொனியைக் கேட்டிருந்தால், உறவில் யாரோ ஐ.சி.யூ.வில் கிடக்கிறார், முகம் பார்க்கக் கூப்பிடுகிறான் என்றுதான் நினைத்திருப்பீர்கள். விஷயம் அதுவல்ல. எண்பதைத் தாண்டிய இசைக்காரர் ஒருவரின் கச்சேரி வருகிறதாம். டிக்கெட்டுக்கு நான் பணம் போட வேண்டுமாம். எனக்கு இன்னும் கொதிப்பு அடங்கவில்லை.

அந்த இசைக்காரர் யார் என்று சொல்லப் போவதில்லை. யாராக இருந்தாலும் நாம் செய்வது ஒன்றுதானே? பாட்டைப் பற்றி யோசிக்கும் முன்னால் அவர் பிறந்த வருஷத்தைக் கழித்துப் பார்க்கிறோம். விடை பெரிதாக வந்தால் டிக்கெட் வாங்குகிறோம். வாங்கிவிட்டு, சொந்த மாமனாருக்குக்கூடச் செய்யாத மருத்துவப் பரிசோதனையை அவருக்குச் செய்கிறோம். "போன தடவை நின்னுக்கிட்டே பாடினாரு, இந்தத் தடவை நாற்காலி போட்டுட்டாங்க பாத்தியா?" "ரெண்டாவது சரணத்தைக் கோரஸ்கிட்ட தள்ளிட்டாரு." "கை லேசா நடுங்குது, ஸ்கிரீன்ல நல்லா தெரிஞ்சுது." இதற்குப் பெயர் ரசனையாம்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இவ்வளவு பெரிசா நடத்துவாங்க?" என்பதுதான் இப்போது எங்கள் கடைத்தெரு டீக்கடையில் ஓடும் கேள்வி. என்னிடம் அதற்குத் தெளிவான பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறுங்கள்.

இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1943-இல் பிறந்தவர். 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில், ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவினர் வாசிக்கத் தன் முதல் சிம்ஃபனியை அரங்கேற்றினார். திரும்பி வந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும், வயதாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், இது தொடக்கம்தான், இன்னும் 13 நாடுகளில் நடக்கப் போகிறது என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். இடையில் மாநிலங்களவை உறுப்பினர் வேலை வேறு. என்னைக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் என் வாயிலிருந்து வருவது "அம்மாடி" மட்டும்தான். தொடக்கம் என்ற சொல்லை நான் கடைசியாகப் பயன்படுத்தியது சர்க்கரை நோய் பற்றி டாக்டர் கேட்டபோது.

பாரிஸில் என் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு இளையராஜா போதாது. ரோலிங் ஸ்டோன்ஸ் வேண்டும். அவன் பாரிஸில் இருப்பதற்கும் நான் காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்தில் இருப்பதற்கும் ஒரே காரணம், 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆறு மாத அவகாசம் தந்தபோது சித்தப்பா அன்றைக்கே எழுதிக் கொடுத்ததுதான். என் அப்பா "யோசிப்போம்" என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவகாசம் முடிந்துபோயிற்று. சித்தப்பா வீட்டில் யூரோவில் பென்சன் வருகிறது. எங்கள் வீட்டில் யோசனை மட்டும் பரம்பரையாக வருகிறது.

ரோலிங் ஸ்டோன்ஸ் முதன்முதலில் மேடை ஏறியதும் அதே 1962-இல்தான். எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருஷமும் அதுதான். அந்தக் குழு இன்னும் குதித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் இன்னும் மாநில அந்தஸ்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்களின் பாடகர் மிக் ஜாகர், இளையராஜாவுக்கு ஏழெட்டு வாரம்தான் இளையவர். டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் காலமானார். அடுத்த மாதமே இன்னொருவரை உட்கார வைத்துக்கொண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் பங்காளி வீட்டுத் தீட்டுக்கு இதைவிட அதிக நாள் கச்சேரியை நிறுத்துவார்கள். 2024 பயணத்துக்குப் பணம் போட்டு ஆதரித்த அமைப்பு எது தெரியுமா? ஐம்பது வயது தாண்டிய அமெரிக்கர்களுக்கான சங்கம். முட்டி வலிக்கும் காப்பீட்டுக்கும் ஆலோசனை சொல்கிறவர்கள் ராக் கச்சேரி நடத்துகிறார்கள்.

எங்களிடம் இதற்கு ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. காரைக்காலைத் தாண்டி, தரங்கம்பாடி வழியாகப் போனால் திருக்கடையூர். அறுபதுக்கு ஒரு கல்யாணம், எழுபதுக்கு ஒன்று, எண்பதுக்குச் சதாபிஷேகம். எமனையே காலால் உதைத்த சாமி என்பதால் கூட்டம் குறைவதே இல்லை. ஜாகரை ஒரு தடவை அங்கே கூட்டிவந்து, பட்டு வேட்டி கட்டி, கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றி அனுப்பினால் தொண்ணூறு வரைக்கும் கவலை கிடையாது. சமையல்காரரும் கார் வாடகையும் சேர்த்து மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம்.

சரி, பதிலுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த நாற்காலி வரைபடத்தைச் சொல்லியாக வேண்டும். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

மச்சினன் ஒரு படம் அனுப்பியிருந்தான். மேலே சின்னதாக ஒரு கட்டம், அது மேடை. கீழே கலர் கலராகப் பட்டைகள். பிளாட்டினம், டைமண்ட், கோல்டு, சில்வர், பிரான்ஸ். தூரம் எவ்வளவு என்று எங்கேயும் போடவில்லை. ஊர்க்காரன் என்ற முறையில் நான் அதை நம்ம ரோட்டில் அளந்து பார்த்தேன். மேடை எங்கள் கடைத்தெருவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாட்டினமும் கடைத்தெருவில்தான். ஆனால் அதற்கு முன்னால் சோபா வரிசை ஒன்று உண்டு. அதற்கு டிக்கெட்டே கிடையாது. அமைச்சர், அமைச்சரின் பி.ஏ., பி.ஏ.வின் மாமியார், மாமியாருக்குத் துணைக்கு வந்த பேரன். பேரன் சோபாவில் ஏறி நின்றால் பிளாட்டினத்துக்கு மறைக்கும்.

டைமண்ட் போலகத்தில். வைரம் எப்படிப் பிளாட்டினத்துக்குப் பின்னால் போயிற்று என்று எந்த அடகுக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், அடிக்க வருவார்கள்.

கோல்டு வாஞ்சூரில். எங்கள் பிரதேசத்தின் கடைசி ஊர். அங்கே சாராயக் கடை வரிசையை வைத்துவிட்டு, அதற்கு நடுவில் நாற்காலி போட்டால் யார் பாட்டுக் கேட்பார்கள்? முதல் பாட்டு முடிவதற்குள் பாதி நாற்காலி காலி. இரண்டாம் பாட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் தாங்களே பாடுவார்கள்.

சில்வர் நாகூரில். இங்கேதான் சிக்கல். அவர் புதுச்சேரியில் பாடுவதை நாம் தமிழ்நாட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நடுவில் சோதனைச் சாவடி. அதையும் தாண்டி, ஒலி விநாடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர்தான் நகரும். அவர் பல்லவியை முடித்துத் தண்ணீர் குடித்து மூடியைத் திருகும்போதுதான் நாகூருக்குப் பல்லவியின் முதல் அடி வந்து சேரும். முன்வரிசைக்காரர்கள் கைதட்டி முடித்தபின் நாம் கைதட்டினால், புரியாதவன் என்று கேமராவில் போட்டுக் காட்டுவார்கள்.

பிரான்ஸ் நாகப்பட்டினத்தில். கடற்கரைக் காற்று நன்றாக வரும், அது மட்டும் இலவசம். அதற்கும் பின்னால் 'ஜெனரல்' என்று ஒன்று. அது வேளாங்கண்ணி. அங்கே போனவர்கள் பாட்டு கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் முடியும். மேடைக்குப் பின்பக்கமாகச் சலுகை விலையில் சில நாற்காலிகள் உண்டு. அது நிரவி. டிரம்ஸ் வாசிப்பவரின் முதுகு மட்டும் தெளிவாகத் தெரியும். கார் நிறுத்துமிடம் அரசலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

கழிப்பறை? தரங்கம்பாடியில், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்குப் பின்னால். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எண்பது வயதுக்காரர் மூன்று மணி நேரம் மேடையில் அசையாமல் நிற்கிறார். கீழே அறுபது வயதுக்காரர்கள் மூன்று பாட்டுக்கு ஒரு தடவை எழுந்து, "கொஞ்சம் காலை எடுங்க தம்பி" என்று பதினெட்டு ஜோடி முட்டியை உரசிக்கொண்டு போகிறோம். வேளாங்கண்ணியிலிருந்து கிளம்பித் தரங்கம்பாடி போய்த் திரும்பி வந்தால், மேடையில் "நன்றி, வணக்கம்" ஓடிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் மேலே 'வசதிக் கட்டணம்' என்று ஒரு தொகை போட்டிருந்தார்கள். எந்த வசதி என்று மச்சினனிடம் கேட்டேன். "வீட்டுல இருந்தே பணத்தைக் கட்டுற வசதி அத்தான்" என்றான்.

இத்தனையும் சகித்துக்கொண்டு போனாலும் உள்ளே விடுவார்கள் என்பது நிச்சயமில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் என்ன நடந்தது? டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் வாசலைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். நெரிசல், அழுகை, பணத்தைத் திருப்பிக் கொடு என்ற கூச்சல். ரஹ்மான் 1967-இல் பிறந்தவர். அவருக்கு வயதாகிவிட்டதா? பெரிய அளவு என்பதற்கும் பாடுகிறவரின் முட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

நாங்கள் ஒன்றும் கச்சேரி பார்க்காத ஊர்க்காரர்கள் அல்ல. காளமேகப் புலவர் எமகண்டம் பாடியது எங்கள் ஊரில், திருமலைராயன் சபையில். கீழே எண்ணெய்க் கொப்பரை கொதிக்க, மேலே உறியில் தொங்கிக்கொண்டு, கேட்டவர் கேட்ட பொருளில் எல்லாம் உடனுக்குடன் வெண்பா சொன்னார் என்று கதை. நேயர் விருப்பம் என்றால் அது. அப்புறம் மரியாதை குறைந்தது என்று கோபித்துக்கொண்டு, ஊர்மேல் மண்மாரி பெய்யட்டும் என்று பாடிவிட்டுப் போய்விட்டார். 2019 ஜூனில் சென்னைக் கச்சேரியில், நடுவில் தண்ணீர் கொண்டுவந்த காவலாளியை இளையராஜா மேடையிலேயே கடிந்துகொண்டார் என்று நாடே ஒரு வாரம் பேசியது. நாங்கள் பேசவில்லை. கலைஞனின் கோபத்தை மண் விழும் அளவுக்குப் பார்த்தவர்கள் நாங்கள்.

பக்கத்து ஊர்க்காரர் நாகூர் ஹனிபா. 2015-இல் மறையும்வரை பாட்டோடேயே இருந்தவர். ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் கடைசி ஆள்வரை கேட்கும் குரல் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். தர்கா விழா, கட்சி மாநாடு, நிக்காஹ் வீடு என்று எதற்கும் போனார். அவருக்கு எந்த ஊரிலும் நாற்காலி வரைபடம் போட்டதாகக் கேள்விப்படவில்லை. மணல்தான் பிளாட்டினம், மணல்தான் சில்வர்.

அதைவிட நீண்ட சுற்றுப்பயணம் ஒன்று எங்கள் கடற்கரைக்கே வருகிறது. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் தீர்த்தவாரிக்கு எங்கள் ஊருக்கு வருகிறார். மீனவர்கள் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டு வரவேற்கிறார்கள். எத்தனையோ தலைமுறையாக நடக்கிறது. "பெருமாளுக்கு வயசாயிடுச்சு, அடுத்த வருஷம் வருவாரோ என்னவோ" என்று இதுவரை எந்த மச்சினனும் கிளப்பிவிட்டதில்லை. ஆனால் அங்கேயும் இப்போது கும்பிடக் கை உயர்வதில்லை, போன் உயர்கிறது. எனக்கு முன்னால் நின்றவரின் ஆறரை அங்குலத் திரையில்தான் போன மாசி மகத்தில் எனக்குச் சேவை கிடைத்தது. அதிலும் பேட்டரி தீர்ந்துவிட்டது.

பதில் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? வருகிறேன். யார் எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு எஸ். ஜானகி நல்ல உதாரணம். 2017-இல் மைசூரில் ஒரு கச்சேரி. இதோடு மேடை போதும் என்று அவரே சொல்லி முடித்தார். பாடுகிறவருக்குத் தெரியும். தெரியாதவர்கள் வேறு ஆட்கள். என்னைக் கேட்டால் முதலில் ஓய்வு கொடுக்க வேண்டியது தொகுப்பாளருக்கு. எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய பாட்டை எட்டே முக்கால்வரை நிறுத்தி வைத்து, "சத்தம் பத்தலையே, இன்னும் சத்தமா!" என்று கேட்கும் அந்தப் பையன். எங்கள் கோயில் திருவிழா மேடையில் ஒருத்தன் "ஹலோ திருமலைராயன்பட்டினம்!" என்று கத்த ஆரம்பித்து, ராயனுக்கு வரும்போதே மூச்சு விட்டுவிட்டது. வயது இருபத்தைந்து இருக்கும். அவனை யாரும் எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை.

அடுத்தது, நடுவில் ஏறிப் பொன்னாடை போர்த்துபவர்கள். அதற்கடுத்தது, பொன்னாடை போர்த்துவதைப் படமெடுக்க மேடையை மறைத்து நிற்பவர்கள். பிறகு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஸ்பான்சர் பெயரை வாசிக்கிறவர். இவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் பெரிய அளவில் பிரிவு உபசார விழா நடத்தினால் நான் வேளாங்கண்ணி வரிசையில் உட்காரக்கூடத் தயார். அன்றைக்கு நான் தட்டுகிற தட்டில், சத்தம் பத்தவில்லை என்று ஒருவனும் சொல்ல மாட்டான்.