கொறோலாவுக்குப் பீடிங் ஒட்டின கதை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கட சுகத்துக்கும், உங்கட கொக்குவில் கராச்சில் நிற்கிற ஒஸ்ரின் ஏ40 காரின்ர சுகத்துக்கும் நல்லூர்க் கந்தனை வேண்டுகிறோம். சனி, ஞாயிறு ரெலிபோன் எடுக்கேல்லை எண்டு பெரியம்மா குறைப்பட்டாவாம். கார்க் கதவுக்குப் பீடிங், அதுதான் வெளிப்பக்கத்தில் அடி தாங்குற பிளாஸ்ரிக் பட்டி, ஒட்டிக்கொண்டு நிண்டனான். கொம்பியூட்டர் படிச்சவன் கனடாவில் பாஸ் வேலை செய்யிறான் எண்டு ஊருக்குள்ளை கதையை விட்டிடாதையுங்கோ. முழுக்க வாசியுங்கோ.

என்ர கார் 2006ஆம் ஆண்டு ரொயோட்டா கொறோலா. யப்பான் கார் எண்டு நானும் பெருமை அடிச்சுக்கொண்டு திரிஞ்சன். யப்பானில் செய்த காரின்ர சேசி நம்பர் 'ஜே' எழுத்தில் தொடங்குமாம். என்ரது 2 இல் தொடங்குது, அது கனடாவுக்குரிய இலக்கம். இந்த ஒன்ராறியோ மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரத்தில் 1988இலிருந்து கொறோலா செய்த தொழிற்சாலையிலதான் இதுவும் பிறந்திருக்கு. காலமை ஸ்காபுரோவில் வெளிக்கிட்டு 401 நெடுஞ்சாலையைப் பிடிச்சால், அதின்ர பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு மத்தியானச் சோத்துக்குத் திரும்பி வரலாம்.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. உடம்பைத்தான் இந்த நாடு தின்னுது. பனி விழுந்தால் ரொறன்ரோ றோட்டெல்லாம் உப்புக் கொட்டுவினம். உப்புக் கரைஞ்ச தண்ணி பூச்சியம் பாகையில் உறையாது, அதுதான் காரணம். கடுங்குளிரில் உப்பும் கை விட்டால், சீனி எடுக்கிற பீற்றூட் கிழங்கின்ர சாற்றையும் கலந்து ஊத்துவினம். வெள்ளைக்காரன் உப்பில்லாமல் சமைக்கிறான் எண்டு எங்கட சனம் நக்கல் அடிக்கும். அவன் உப்பு முழுவதையும் றோட்டுக்கு எடுத்து வைச்சிருக்கிறான் எண்ட விசயம் இந்த மாப்பிள்ளைமாருக்குத் தெரியாது. பெயின்ற் கிளம்பின இடத்தில் அந்த உப்புத் தண்ணி பட்டால் கறள் மளமளவெண்டு பரவும். அதனால் இஞ்சை ஒரு கீறலும் சின்ன விசயம் இல்லை.

ஒருநாள் கடை வாசலில் ஆரோ கைவிட்ட தள்ளுவண்டி காற்றில் உருண்டு வந்து முன் கதவில் மோதினது. பீடிங் பிளந்து தொங்கினது. கதவுக்கு ஒண்டும் இல்லை. அடியைத் தான் வாங்கிக் கதவைக் காப்பாற்றுறதுதான் அதின்ர உத்தியோகம் எண்டபடியால், கடமையில் உயிர் விட்டது எண்டு சொல்லவேணும். புதுப் பீடிங்குக்கு நிறக் குறியீடு தேவைப்பட்டது. சாரதிப் பக்கத்துக் கதவுத் தூணில் இருக்கிற சிட்டையில் அது மூண்டே மூண்டு எழுத்தில் கிடந்தது. அந்த நிறத்திலேயே சாமானை எடுப்பிச்சன்.

ஒட்டுவிக்கலாம் எண்டு ஒரு கராச்சுக்குப் போனன். மணித்தியாலக் கூலி நூறு டொலருக்கு மேல. சாமான் விலையை விட ஒட்டுற கூலி கூட. "இந்தக் காருக்கோ?" எண்டு அங்கை நிண்டவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் காசு எடுக்கேல்லை. சரி, நாங்களே ஒட்டுவம் எண்டு வீட்டை வந்தன்.

உங்கட ஏ40 இல், தகட்டில் ஓட்டை போட்டுக் கிளிப் வைச்சுக் குறோம் பட்டியை மாட்டியிருக்கிறாங்கள். ஓட்டை வழிய தண்ணி இறங்கிக் கறள் பிடிக்கும் எண்டு நீங்கள் கிறீஸ் பூசிப் பூசியே அதைக் காப்பாற்றினீங்கள். என்ர கொறோலாப் பீடிங்கில் கிளிப்பும் இல்லை, ஆணியும் இல்லை. முதுகில் இரண்டு பக்கமும் பசையுள்ள அக்ரிலிக் நுரை நாடா மட்டும்தான்.

முற்றத்தில் காரை நிப்பாட்டினதும் ஸ்காபுரோத் தமிழ்ச் சங்கமே கூடிவிட்டது. ஒருத்தர் சுப்பர் குளூ போடச் சொன்னார். இரும்பை விடப் பிளாஸ்ரிக் பல மடங்கு கூட விரியும், சுருங்கும். இஞ்சை கோடையில் முப்பது, மாரியில் மைனஸ் இருபது. சுப்பர் குளூ காய்ஞ்சால் வளைஞ்சு கொடுக்காது, வெடிச்சுப்போம். நுரை நாடா இழுபட்டுக் கொடுக்கும். இன்னொருத்தர் நாலு ஸ்குறூ அடி தம்பி எண்டார். உப்பு நாட்டில் கதவில் ஓட்டை போடுறது கறளுக்கு வெத்திலை வைச்சு அழைக்கிற மாதிரி. மூண்டாவது ஆள் தேத்தண்ணி இல்லையோ எண்டு கேட்டார். உருப்படியான கதை அது ஒண்டுதான்.

பழைய பசையைக் கிளப்புறதுதான் பெரிய சீவன் போற வேலை. தலைமயிர் காய வைக்கிற மெசினால் சூடு காட்டி, மீன்பிடி நைலோன் நூலைப் பீடிங்குக்குப் பின்னால் விட்டு வாள் அறுக்கிற மாதிரி அறுக்கவேணும். கதவில் மிஞ்சின பசைக்கு, துளைக்கிற மெசினில் பூட்டுற றப்பர்ச் சில்லு ஒண்டு விக்கிறாங்கள். பள்ளிக்கூடத்து அழிறப்பருக்கு மோட்டர் பூட்டின வேலைதான். அதுக்குப் பிறகு ஐசோபுறொபைல் அல்ககோலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துடைக்கவேணும். மெழுகுப் பொலிஷ் ஒரு பொட்டு இருந்தாலும் நாடா பிடிக்காது. மருந்துக்கடையில் அல்ககோல் போத்தலோட வந்த என்னை உங்கட மருமகள் பார்த்த பார்வையை எழுதக் கடதாசி காணாது.

பேந்து வெப்பம். கதவுத் தகடு 21 பாகையாவது இருந்தால் நல்லது, நல்லாக் குளிர்ந்தால் ஒட்டவே ஒட்டாது எண்டு நாடாக்காரன் எழுதியிருக்கிறான். அதனால்தான் மே மாதம் வரைக்கும் காத்திருந்தன். யுத்தகாலப் பொருளாதாரத் தடை நேரம் ஊரில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டின உங்களுக்கு, வெயில் வந்தால்தான் வேலை செய்வன் எண்டு அடம் பிடிக்கிற பசை சிரிப்பாய்த்தான் இருக்கும்.

ஒட்டினால் திருப்பி எடுக்கேலாது. அதனால் முதலில் பின் கதவுப் பீடிங்கின்ர மட்டம் பார்த்து முன் கதவில் பேப்பர் ரேப்பால் ஒரு நேர்கோடு. முன் விளிம்பில் கொஞ்சம் இடைவெளி விடவேணும்; கதவைத் திறக்கேக்கை அந்த விளிம்பு உள்ளுக்குத் திரும்பும், பீடிங் நீண்டால் மட்கார்டில் உரசும். நான் பிடிக்க, உங்கட மருமகள் தள்ளி நிண்டு "மேல, மேல, ஐயோ கீழ" எண்டு கட்டளை இட்டா. ஒட்டின பிறகு கைவிரலால் நீளத்துக்கு அழுத்திக்கொண்டு போனன். பசை 24 மணித்தியாலத்தில் தொண்ணூறு வீதம் இறுகும், முழுசாய் இறுக 72 மணித்தியாலம். அதுவரை கழுவக்கூடாது. மூண்டு நாளும் மழை வரக்கூடாது எண்டு கந்தனுக்கு நேர்த்தி வைச்சன், அது பலிச்சது.

இப்ப ஒரு விசயம் கேட்கிறன். ஒரு சாண் அகலமில்லாத பிளாஸ்ரிக் துண்டை ஒட்ட இவ்வளவு தெரியவேணும்: சூடு, சுத்தம், மட்டம், பொறுமை. அதுக்குத்தான் இஞ்சை மணித்தியாலத்துக்கு நூறு டொலர். அது கொள்ளை இல்லை எண்டு இப்ப விளங்குது. உங்கட கராச்சில் கிறீஸும் கையுமாய் நிற்கிற பெடியள் இதைப்போலப் பத்து வேலையை ஒரு நாளில் செய்வினம். வாற தைப்பொங்கலுக்கு முதல் அவையின்ர சம்பளத்தைக் கூட்டிக் குடுங்கோ பெரியப்பா.

இப்படிக்கு,
உங்கட அன்புள்ள பெறாமகன்