குலுக்கையைத் தெறந்து வச்ச பேராண்டி

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. அடிக்க மாட்டேன், வா.

போன வாரம் பூரா ஒன்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கையில சுண்டுவெரல் தண்டிக்கு ஒரு பென்டிரைவ், மாடிக்கும் கீழைக்குமா ஓட்டம். ஒங்கக்கா கல்யாண வீடியோ 6 ஜிபி. ஒன் பென்டிரைவோ எஃப்ஏடி32. ஒரே ஃபைல் 4 ஜிபியத் தொட்டா அது வாயத் தெறக்காது. அதுக்காகத் தாலிகட்டுக்கு முந்தி ஒரு துண்டு, பிந்தி ஒரு துண்டுன்னு வெட்டிச் சொமந்த பாரு, கெட்டிக்காரப்புள்ள! நாங்களும் அந்தக் காலத்துல ஆத்தத் தாண்டணும்னா, தோண்டியில மோந்து மோந்து ஊத்தி ஆத்த வத்த வச்சிட்டுத்தான் தாண்டுனோம்.

ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டர்லதானல கெடக்கு? ஒரு கெணத்துல ரெண்டு கமலை. நல்ல கேபிளா இழுத்து, ரெண்டு பக்கமும் கிகாபிட்டா இருந்தா அந்த 6 ஜிபி ஒரு நிமிசத்துல எறங்கிரும். பழைய 100 எம்பிபிஎஸ்ஸுன்னாலும் செகண்டுக்கு 11, 12 எம்பி வரும், ஒம்பது நிமிசம். ஒனக்கு அது மூணு நாளு ஆச்சு.

"ஷேர் பண்ணுனேன் தாத்தா, கீழ தெரியல"ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்ட. எப்படித் தெரியும்? வைஃபைல பப்ளிக்கா பிரைவேட்டான்னு இருக்குற எடத்துல பப்ளிக்க அமுக்கியிருக்க. சொந்த வீட்டுல இருந்துக்கிட்டே பஸ்ஸ்டாண்டுல இருக்கதா நெனச்சி அது முக்காடு போட்டுக்கிட்டு. அதத் தாண்டுனா பாஸ்வேர்டு கேக்குது. நீ நாலு நம்பர் பின்ன அடிக்க, அடிக்க, அடிச்சிக்கிட்டே இருக்க. அந்தப் பின்னு அந்தப் பெட்டி முன்னால உக்காந்து அடிக்கதுக்கு மட்டுந்தான். நெட்வொர்க் வழியா வாறவனுக்குக் கணக்கோட நெசப் பாஸ்வேர்டு வேணும். பாஸ்வேர்டே வைக்காத கணக்குன்னா வாசல்லயே நிறுத்திப்புடும்.

சரி, நேத்து ஒனக்குக் கோவம் வந்துட்டு. கோவக்காரன் கையில மவுஸ் இருக்கக்கூடாது. ஒரு ஃபோல்டரத் தெறக்கச் சொன்னா மொத்த டி டிரைவையும் தெறந்துட்ட. எவரிஒன், ஃபுல் கன்ட்ரோல், பாஸ்வேர்டும் வேண்டாம். ஒரு படி கம்பு கேட்டவனுக்குக் குலுக்கையையே தூக்கிக் குடுத்த மாதிரி. ஷேரிங்னு ஒரு படல், செக்யூரிட்டின்னு ஒரு கதவு, ரெண்டுல எது இறுக்கமோ அதுதான் செல்லும்; ஒண்ணையாவது சாத்தி வச்சிருக்கலாம். மகராசன், ரெண்டையும் கழட்டி வெறகுக்குப் போட்டுட்ட.

அது பத்தாதுன்னு பரண்ல கெடந்த எக்ஸ்பி பெட்டிக்காக எஸ்எம்பி1ங்கிற பழைய ஷேரிங் வாசல வேற எழுப்பி விட்டிருக்க. விண்டோஸ்காரனே 2017 கடைசியிலருந்து அத உள்ள வைக்காம அனுப்புதான், நீ தேடிப்போயி வெத்தல பாக்கு வச்சி அழைச்சிருக்க. அந்த வருசம் மே 12ல வான்னாகிரைன்னு ஒரு புழு அந்தப் பழைய வாசல் வழியாத்தான் நொழஞ்சிது. 150 நாட்டுக்கு மேல, ஃபைலப் பூட்டிப்போட்டு 300 டாலர் கேட்டுது. ஓட்டைய அடைக்க மார்ச்சுலயே ஒட்டுக் குடுத்தாச்சு. "பெறவு பாப்போம்"னவன்ல எத்தனையோ பேரு மாட்டுனான். நீயும் அப்டேட்டுன்னு வந்தா "பெறவு"தான அமுக்குத? ரவுட்டர்ல அந்த வாசலோட 445ம் போர்ட்டையும் வெளிய தெறந்து விட்டுட்டேன்னா சொல்லு, நான் எந்தங்கச்சி வீட்டுக்குப் போயிருதேன்.

எனக்கென்ன தெரியும், மாடு மேச்சவன். கல்யாண வீடியோவுக்குன்னு ஒத்த ஃபோல்டரு, ஆளுக்கொரு கணக்கு, கீழ இருக்கவனுக்கு ரீட் மட்டும், அம்புட்டுத்தான் கேக்கேன். ரீட் மட்டும் குடுத்திருந்தா நானும் படிச்சமா சிரிச்சமான்னு போயிருப்பேன்.

முழிக்காத. டி டிரைவுல 'ஆபீஸ் கணக்கு'ன்னு ஒரு ஃபோல்டரு வச்சிருக்கல்லா? உள்ள பதினாலு கவிதை. நாலாவதுல அந்தப் புள்ள கண்ணுல "மலை பெய்யுது"ன்னு எழுதியிருந்த. ஃபுல் கன்ட்ரோல் இருக்கேன்னு மழையா மாத்தி சேவ் பண்ணிட்டேன்.