கம்ப்ரசரும் கரன்ட் பில்லும்

கேள்வி: எங்கள் பால் குளிரூட்டும் நிலையத்தில் பிஸ்டன் கம்ப்ரசருக்கு இன்வெர்ட்டர் டிரைவ் மாட்டியிருக்கிறோம். 15 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கரன்ட் பில் இன்னும் குறையுமே, ஓட்டலாமா?
– ஒரு வாசகர், கலவை

பதில்: குறையும். கொஞ்ச நாளில் கம்ப்ரசரே நின்றுவிடும். அப்புறம் பில் சுத்தமாக வராது! வேகம் இறங்கினால் ஆயில் பம்பும் சேர்ந்தல்லவா தூங்கும்? பேரிங்குக்கு எண்ணெய் ஏறாது. கேஸோடு குழாய்க்குள் போன எண்ணெயும் திரும்பாது. கம்ப்ரசரின் கண்ணாடியில் எண்ணெய் மட்டம் இறங்குவதைப் பாருங்கள், தெரியும். பல பிஸ்டன் கம்ப்ரசர்களுக்கு 25, 30 ஹெர்ட்ஸ்தான் தரைமட்டம். உங்களுடையதற்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து டிரைவில் பதியுங்கள். நெடுநேரம் மெதுவாக ஓடினால், நடுநடுவே சில நிமிடம் 50-ல் விடுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் குழாய் நடுங்குகிறதா? அந்த வேகத்தைத் தாண்டிப் போகவும் டிரைவிலேயே வழி உண்டு. பால் வந்து இறங்கும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: இறக்க வேண்டியது பாலை 4 டிகிரிக்கு, மீட்டரை அல்ல.