மாமியார் மட்டும் உள்ளூர்

கேள்வி: டச்சுப் பெண்கள் குடும்பத்தோடு காவிரிக் கரையில் குடியேறியதுண்டா?
– ஒரு வாசகி, முக்கொம்பு

பதில்: மிகச் சிலரே. முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டுக் கிழக்கே செல்லும் காவிரியின் கடைமடையான நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் கையில் இருந்தபோதும், தாய்நாட்டுப் பெண்களை ஏற்றிவரும் கப்பல் செலவுக்கு அஞ்சிய அந்நிறுவனம், ஊழியர்கள் இங்கேயே மணம் முடிப்பதை ஆதரித்தமையால், துணியை ஏற்றுமதி செய்தவர்கள் மாமியாரை மட்டும் உள்ளூரிலேயே கொள்முதல் செய்தனர் எனலாம். டச்சுக்காரர் இலங்கையிலும் அமைத்த இத்தகைய குடும்பங்களின் வழிவந்தோர் அங்கே பறங்கியர் (ஐரோப்பிய வழித்தோன்றல்கள்) எனப்படுகின்றனர். சோற்றையும் கறியையும் வாழையிலையில் பொதிந்து சுடும் ‘லம்ப்ரைஸ்’ அவர்களது சிறப்புணவு. அவர்களுள் ஒருவரான நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சியின் முன்னோர், 17ஆம் நூற்றாண்டில் டச்சு ஆளுநர் வீட்டாருக்கு வைத்தியம் பார்க்கத் தஞ்சையிலிருந்து கொழும்பு சென்ற தமிழ் மருத்துவர் என்பது குடும்ப வழக்கு. ஆக, குடியேற்றம் இருவழிப் பாதையாகவே இருந்துள்ளது, மருத்துவக் கட்டணம் எவ்வளவு என்பதுதான் ஏட்டில் இல்லை.