உறைஞ்ச டீசலும் ஒரு பால்பேணியும்

ஸ்காபரோ,
தை மாதம்.

அன்பின் சித்தப்பாவுக்கு,

 

போன கிழமை போனில, என்ர ட்ரக்கின்ர டீசல் உறைஞ்சு நடுறோட்டில நிண்டிட்டன் எண்டு சொல்ல, "ஆருக்கடா கயிறு விடுறாய்? நாப்பது வருசமா றோலர்ப் படகு ஓட்டுறன், டீசல் உறைஞ்சதைக் கண்டதில்லை" எண்டு சிரிச்சுப்போட்டு வைச்சிட்டியள். அதுதான் கடிதம் எழுதுறன். இதிலயெண்டால் இடையில குறுக்கிட ஏலாது.

மார்கழி விடியப்புறத்தில சித்தியின்ர தேங்காயெண்ணெய் போத்திலுக்குள்ள வெள்ளையாய் இறுகிக் கிடக்குமெல்லோ, வெயிலில வைச்சுத்தானே எடுப்பா. அதே கதைதான். டீசலுக்குள்ள மெழுகு இருக்குது, எங்கட கோயிலில கொளுத்துற மெழுகுதிரிக்குச் சொந்தக்காரன். எங்கட குருநகர் வெக்கையில அது கரைஞ்சு இருக்கிற இடம் தெரியாமல் கிடக்கும். குளிர் பட்டால் முதல்ல டீசல் கலங்கும், பிறகு மெழுகு பொடிப்பொடியாய்த் திரண்டு பில்டரை அடைக்கும். டாங்கி நிறைய எண்ணெய், எஞ்சினுக்கு ஒரு சொட்டில்லை.

இஞ்ச குளிர்காலத்தில பம்பில வாறதே மெழுகு குறைஞ்ச, மண்ணெண்ணெய்ப் பக்கம் சாஞ்ச டீசல்தான். இடத்துக்கிடம் குளிருக்கேத்த கலவை. பிறகேன் நான் மாட்டினன்? எல்லாம் என்ர கஞ்சத்தனம். ஜோர்ஜியாவில சாமான் ஏத்திக்கொண்டு வடக்கை வரேக்க, டென்னசியில மலிவெண்டு இரண்டு டாங்கியையும் வாய்முட்ட நிரப்பினன். அது அந்த ஊர்க் குளிருக்குக் கலந்தது. அதோட எல்லை தாண்டி, சுப்பீரியர் ஏரிக்கரையால வாவா வரைக்கும் வந்திட்டன். பேரைக் கேட்டு ஏமாறாதையுங்கோ, அங்க ஒருத்தரும் வா எண்டு கூப்பிடேல்லை. ஆதிக்குடியளின்ர பாஷையில காட்டுவாத்தாம். றோட்டோரம் பெரிய வாத்துச் சிலையும் நிக்குது.

அதைத் தாண்டி ஒரு ஏத்தம். சைபருக்குக் கீழ 34. வண்டி இழுக்கேல்லை. இருமிச்சுது, பெருமூச்சு விட்டுது, நிண்டிட்டுது. எஞ்சினோட ஹீற்றரும் போச்சு. இருந்த சட்டையெல்லாத்தையும் போட்டுக்கொண்டு, சித்தி அனுப்பின புழுக்கொடியலைக் கடிச்சபடி செபமாலை சொன்னன். மூண்டாம் காரணிக்கத்தில ஒரு சர்தார்ஜி ட்ரக்கை நிப்பாட்டினார்.

அவர் பில்டரைக் கழட்டிக் காட்டினார் சித்தப்பா! ஆறின ஆட்டிறைச்சிக் கறிக்கு மேல கொழுப்புப் படிஞ்சிருக்குமே, அச்சொட்டாய் அதேதான். விரலால வழிச்செடுத்தன். உறைஞ்சதைக் கரைக்கிற மருந்து ஒரு போத்தில் அவரிட்ட இருந்துது. உறையாமல் இருக்க ஊத்துறது வேற மருந்து, அது எண்ணெய் கலங்கமுந்தியே டாங்கிக்குள்ள போகவேணும், பிந்தினால் வீண். அந்த மருந்து என்ர சீற்றுக்குக் கீழ உடைக்காமலே கிடந்தது. சர்தார்ஜி அதைக் கண்டும் ஒண்டும் சொல்லேல்லை, தாடியைத் தடவினார்.

அவரின்ர மருந்தை ஊத்திப் புதுப் பில்டர் பூட்டினாப்பிறகு எயார் எடுக்கவேணுமே. மண்டைதீவுக் கடலில எஞ்சின் நிண்ட அண்டைக்கு நீங்கள் என்ர பிடரியில ஒண்டு போட்டுப் பழக்கினது கைக்கு ஞாபகமிருந்துது. கைப்பம்பை அடிச்சு நுரை போக்கினன். மூண்டாந்தரம் ஸ்ராட்.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறொண்டுக்கு. 90க்குப் பிறகு ஊரில, சண்டைக்காலப் பொருளாதாரத் தடைக்குள்ள, மருந்துப் போத்திலில ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி, மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில இருமவைச்சு ஓடின ஆக்கள் நாங்கள். அதே மண்ணெண்ணெய் 2022 ஆவணியில 87 ரூபாயிலயிருந்து 340க்குப் பாய, நீங்கள் போனில சொன்ன வார்த்தையளை இன்னும் ஒரு அகராதியிலும் காணேல்லை. இஞ்ச வந்தும் வண்டிக்குள்ள அந்த வாசம் விடுகுதில்லை. டீசல் உறையாமலிருக்க மண்ணெண்ணெயை அள்ளி ஊத்தவும் ஏலாதாம், வழுவழுப்புக் குறைஞ்சு பம்ப் தேய்ஞ்சுபோகும்.

இப்ப நான் நல்ல பிள்ளை. வடக்கை போறதெண்டால் வழியில வடக்கு டீசல் அடிக்கிறன். டாங்கியில இடம் விட்டால் ஈரம் தண்ணியாய் இறங்கி அதுவும் உறையுமெண்டு நிரப்பியே வைக்கிறன். இரவில எஞ்சினுக்குக் கரண்ட் குடுக்கிறன். சிரியாதையுங்கோ, இஞ்ச வாகனங்களின்ர மூக்கில பிளக் தொங்கும், களைச்ச நாயின்ர நாக்கு மாதிரி.

நீங்கள் நம்பமாட்டியள் எண்டு தெரிஞ்சு, அந்த மெழுகை ஒரு பால்பேணியில வழிச்சுக் கொண்டுவந்தன், படமெடுத்து அனுப்ப. வீட்டுக்குள்ள கொண்டுவந்து மேசையில வைச்சிட்டுக் குளிச்சிட்டு வந்து பாத்தால், பேணிக்குள்ள நல்ல தெளிஞ்ச டீசல்.

உங்கள் அன்பு மகன்.